நடையைக் கண்டு நோயறிதல்: மாடுகளின் கால்நொண்டலும் அதன் காரணங்களும்

கால்நடை என்னும் சொல்லிலேயே நடை அடங்கியுள்ளது. காலால் நடந்து சென்று மேய்ந்து, நீரருந்தி, பட்டிக்கு மீளும் விலங்கிற்குக் கால் பழுதுபட்டால் மற்றெல்லாம் பழுதுபடும். நொண்டும் பசு தீனித் தொட்டிக்கு வரத் தயங்கும். நெடுநேரம் படுத்திருக்கும். தீனி குறையவே பால் குறையும். காளையை நாடும் பருவத்தில் அதன் அறிகுறிகள் வெளிப்படா. ஆதலின் சினைப்படுத்துங் காலமுந் தவறிப்போகும். ஈற்றில், நல்ல பாற்பசுவொன்று இளைத்து மெலிந்து, இறைச்சிக்கென அரை விலைக்கு விற்கப்படும். உழவு பெரும்பாலும் இயந்திரங்களுக்கு மாறிவிட்ட இக்காலத்தில் எருதுகளின் தொகை குறைந்துவிட்டபோதிலும், பாலுக்காக மாடு வளர்ப்போர்க்குக் கால்நொண்டல் பெருநட்டத்தையே விளைக்கின்றது.

மாடு வலியை எளிதில் வெளிக்காட்டாத விலங்கு. பகைவிலங்குகளுக்கு இரையாகும் இனங்கள் யாவும் தம் நோவை மறைக்கும் இயல்பின. எனவே மாடு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலால் நடப்பதைக் கமக்காரன் காணும்போது, பெரும்பாலும் நோய் தொடங்கிப் பல நாட்கள் கழிந்திருக்கும். ஆயினும் அதற்கு முன்னரே முதுகும் தலையும் அடியெடுத்து வைக்கும் முறையும் நோயைத் தெரிவித்துக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

எல்லா நொண்டலும் ஒரே தன்மையன அல்ல. எடுத்துக்காட்டாக, மாரிகாலத்தில் ஒரு பட்டியில் ஒரே நாள் மாலையில் இரண்டு உருப்படிகள் நொண்டி வருவதாகக் கொள்வோம். ஒன்று வயது சென்ற பசு. மற்றையது ஒன்றரை வயதுள்ள, கொழுத்த நாம்பன் கன்று. இரண்டிற்கும் முள் தைத்திருக்குமென்றெண்ணிய கமக்காரன், மஞ்சளும் எண்ணெயும் பூசிவிட்டு விடியட்டுமென்று காத்திருக்கிறான். பசுவிற்குத் தைத்தது முள்ளே. அது மறுநாளும் நொண்டிக்கொண்டு நிற்கும். நாம்பனின் தொடையிலோ கருங்கால் நோய் பற்றியிருந்தது. விடியும்போது அது இறந்து கிடக்கும். காத்திருக்கக்கூடிய நொண்டல் எது, ஓரிரவுந் தாமதிக்கலாகாத நொண்டல் எது என்பதைப் பிரித்தறியும் வழியைக் கூறுவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

நல்ல நடையின் இயல்பு

நோயற்ற நடையை அறியாதவன் நோயுற்ற நடையை அறியமாட்டான். நலமான மாடு நடக்கும்போது அதன் முதுகு நேர்கோடுபோல் மட்டமாக இருக்கும். தலை முதுகின் மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ நின்று, பெரிதாக ஆடாமல் செல்லும். நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக, சமமான இடைவெளியுடன் நிலத்தை ஊன்றும். முன்கால் பதிந்த சுவட்டின்மீதோ அதற்கு மிக அண்மையிலோ அதே பக்கத்துப் பின்கால் வந்து பதியும். ஈரமான மணற்பாதையில் இதனைத் தெளிவாகக் காணலாம். பின்காற் சுவடு முன்காற் சுவட்டிற்குப் பின்தங்கி விழுமாயின் மாடு அடியைக் குறுக்குகிறது என்பது பொருள்.

பார்க்கும் முறை

காலையில் மாடுகளைக் கொட்டிலிலிருந்து வெளியே விடும் நேரமே நடையைப் பார்ப்பதற்கு ஏற்றது. நிலம் மட்டமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். சேற்றிலும் வழுக்கும் சீமெந்துத் தரையிலும் நலமான மாடுங்கூடத் தயங்கியே நடக்கும். மாட்டை விரட்டுதலாகாது, கயிற்றை இழுத்துப் பிடித்தலுமாகாது. கயிறு இறுகியிருந்தால் தலையின் அசைவு மறைந்துவிடும். முதலிற் பக்கவாட்டில் நின்று முதுகையும் தலையையும் அடியின் நீளத்தையும் பார்த்தல் வேண்டும். பின்னர் மாட்டின் பின்னால் நின்று இடுப்பெலும்புகள் இரண்டும் ஒரே அளவில் ஏறி இறங்குகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். இறுதியாக மாட்டை நிறுத்தி, எக்காலையாயினும் அது அடிக்கடி தூக்கித் தளர்த்துகின்றதா என்று நோக்குதல் வேண்டும். உறுதியான தரையில் காதுங் கண்ணுக்குத் துணைபுரியும். நோவுள்ள கால் ஏனைய கால்களைவிட மெல்லென்ற ஓசையுடன் நிலத்தைத் தொடும்.

நொண்டலின் ஐந்து படிகள்

மாட்டின் முதுகையும் நடையையும் அடிப்படையாகக் கொண்டு நொண்டலை ஐந்து படிகளாக வகுக்கும் முறையொன்று 1997 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அது இன்று பல நாடுகளிற் கையாளப்படுகிறது. கமக்காரரும் அதனை எளிதிற் பயன்படுத்தலாம்.

1. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு மட்டமாக இருக்கும். இது நலமான நடை.
2. நிற்கும்போது முதுகு மட்டமாக இருக்கும், நடக்கும்போது வளையும். அடியில் பெரிய மாற்றமில்லை.
3. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு வளைந்திருக்கும். ஒன்று அல்லது பல கால்களின் அடி குறுகும்.
4. மாடு ஒவ்வோர் அடியாக நிறுத்தி நிறுத்தி வைக்கும். ஏதேனும் ஒரு காலைக் காத்துக்கொள்வது வெளிப்படையாகத் தெரியும்.
5. ஒரு காலில் பாரத்தைத் தாங்க இயலாது, அல்லது அறவே மறுக்கும்.

இரண்டாம் மூன்றாம் படிகளில் கண்டறியப்படும் நொண்டல் பெரும்பாலும் எளிதிற் குணமாகும். பலர் கவனிப்பதோ நான்காம் படியிலேதான். வளைந்த முதுகே மாடு அனுப்பும் முதற் செய்தி என்பதை மறத்தலாகாது.

நோவுள்ள கால் எது?

முன்காலில் நோவிருந்தால் அக்கால் நிலத்தைத் தொடும்போது மாடு தலையை மேலே உயர்த்தும்; நல்ல கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். உடலின் பாரத்தை நோவுள்ள காலிலிருந்து அகற்றுவதற்கே இவ்வாறு செய்கின்றது. முன்கால் நொண்டலில் தலை தாழும்போது ஊன்றியிருக்குங் கால் நல்ல கால் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பின்காலில் நோவிருந்தால் பின்னாலிருந்து பார்த்தல் வேண்டும். நோவுள்ள பக்கத்து இடுப்பெலும்பு மற்றையதைவிட மிகுதியாக ஏறி இறங்கும். நோவுள்ள பின்காலை ஊன்றும்போது பாரத்தை முன்னே தள்ளுவதற்காக மாடு தலையைத் தாழ்த்துவதுமுண்டு. இதனால் பின்கால் நொண்டலை முன்கால் நொண்டலாகக் கருதி ஏமாறுவோர் பலர். எனவே தலையைப் பார்த்தபின் இடுப்பையும் பார்த்தே முடிவுசெய்தல் வேண்டும்.

இரு பக்கக் கால்களிலும் ஒரே வேளையில் நோவிருந்தால் தலையும் ஆடாது, இடுப்பும் ஏறி இறங்காது. மாடு முதுகை வளைத்துக்கொண்டு, சுடுமணலில் நடப்பதுபோலக் குறுகிய அடிகளை வைத்து நடக்கும்.

காலில் எவ்விடம்?

காலை ஊன்றும்போது நோவு மிகுமாயின் கோளாறு பெரும்பாலும் குளம்பில் இருக்கும். காலைத் தூக்கி முன்னே கொண்டுவரும்போது நோவு மிகுமாயின் தோள், தொடை ஆகியவற்றின் தசைகளிலோ மேல்மூட்டுகளிலோ கோளாறு இருக்கலாம். இது பொதுவிதியேயன்றி முடிந்த முடிவன்று.

நிற்கும் நிலையும் இடத்தைக் காட்டும். பின்காலின் வெளிக்குளம்பில் நோவுள்ள மாடு அக்காலை வெளிப்புறமாக அகற்றி வைத்து, பாரத்தை உட்குளம்பிற் சுமத்தும். முன்கால்களின் உட்குளம்புகளில் நோவுள்ள மாடு கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பதுண்டு. குதியில் நோவுள்ள மாடு குளம்பு நுனியால் ஊன்றும். நுனியில் நோவுள்ள மாடு காலை முன்னே நீட்டிக் குதியால் ஊன்றும்.

தோளும் தொடையும் கண்ணிற்கு எளிதிற் புலப்படுவதால், நொண்டலுக்குக் காரணம் அவ்விடங்களிலேயே இருக்குமெனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் மாடுகளின் நொண்டலிற் பெரும்பங்கு குளம்பிலேயே தோன்றுகின்றது. அதிலும் பாற்பசுக்களில் பின்காலின் வெளிக்குளம்பே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றது. ஆதலின் எந்த நொண்டலாயினும் சோதனையைக் குளம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

காலைச் சோதிக்கும் முறை

மாட்டை மரத்திலோ உறுதியான கம்பத்திலோ தலை குறுகக் கட்டுதல் வேண்டும். பின்காலைத் தனியொருவர் தூக்க முயலுதல் ஆபத்தாகும். காலின் நடுமூட்டிற்கு மேல் அகலமான கயிற்றைச் சுற்றி, அதனை மேலேயுள்ள வளையிற் போட்டு ஒருவர் இழுத்துப் பிடிக்க மற்றொருவர் சோதிக்கலாம்.

முதலில் குளம்பை நீரும் தூரிகையுங் கொண்டு நன்கு கழுவுதல் வேண்டும். சாணமும் சேறும் படிந்த குளம்பில் எதனையுங் காணமுடியாது. பின்னர் இரு குளம்புகளுக்கும் இடையிலுள்ள பிளவை விரித்துப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பிரதேசங்களில் கூரிய கற்சிம்பும், பனங்கருக்கின் துண்டும், கருவேல் முள்ளும் இவ்விடத்தில் ஏறியிருத்தல் கூடும். அடுத்து அடித்தட்டைப் பார்த்து, கருநிறப் புள்ளியோ துளையோ மென்மையான பகுதியோ உண்டாவெனத் தேடுதல் வேண்டும். பெருவிரலால் அழுத்தும்போது மாடு காலை வெடுக்கென இழுக்குமிடமே நோவின் இடம். குளம்பின் சுவரைக் கையால் தொட்டு, மற்றக் காலின் குளம்போடு வெப்பத்தை ஒப்பிடுதலும் பயன்தரும். குளம்பில் ஒன்றுங் காணப்படாவிட்டால் மட்டுமே கணு, மூட்டு, தொடை, தோள் என மேல்நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

சோதனையின்போது காய்ச்சலையும் அளத்தல் நன்று. நலமான மாட்டின் உடல்வெப்பம் ஏறக்குறைய 38.5 பாகை செல்சியசு, அதாவது 101.3 பாகை பரனைற்று ஆகும். நொண்டலுடன் காய்ச்சலும் இருந்தால் அது வெறும் முட்குத்து என்று எண்ணியிருத்தலாகாது.

குளம்பில் தோன்றும் காரணங்கள்

முள், ஆணி, கல்: நொண்டல் திடீரெனத் தோன்றும். பொருளை அகற்றிக் கழுவி, தொற்றுநீக்கி மருந்திட்டு, ஈரமற்ற இடத்தில் மாட்டைக் கட்டினால் பெரும்பாலும் சில நாட்களில் குணமாகும். துளை ஆழமாயின் உள்ளே சீழ் கட்டும். அப்போது மிருக வைத்தியர் அடித்தட்டைச் செதுக்கிச் சீழ் வடிய வழிசெய்தல் வேண்டும். வெளிவழியின்றி அடைபட்ட சீழ் மேல்நோக்கிச் சென்று மூட்டை அழிக்கும். இலாடம் அடிக்கப்பட்ட வண்டில் மாடு அதன்பின் நொண்டுமாயின் ஆணி தவறான இடத்தில் இறங்கியதோ என ஐயுறுதல் வேண்டும்.

குளம்பழுகல்: மாரிமழைக் காலத்தில், சேறும் சாணமும் கலந்த பட்டிகளில் மிகுதியாகக் காணப்படும். ஈரத்தால் மென்மையடைந்த தோலில் ஏற்படும் சிறு காயத்தின்வழியே பற்றீரியாக்கள் புகுகின்றன. குளம்பிற்கு மேலே இருபக்கமும் ஒரே அளவாக வீங்கும். குளம்புப் பிளவில் வெடிப்பும் கெட்ட நாற்றமும் தோன்றும். காய்ச்சலும் உண்டு. தொடக்கத்திலேயே வைத்தியரைக் கொண்டு ஊசிமருந்து ஏற்றினால் விரைவிற் குணமாகும். மருந்தேற்றிய பசுவின் பாலை வைத்தியர் குறிக்கும் நாட்கள் வரை விற்றலும் பருகுதலுமாகாது.

அடித்தட்டுப் புண்ணும் வளர்ந்த குளம்பும்: குளம்பு திங்களொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் வளரும். மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டின் குளம்பு நடையினால் தேயும். கொட்டிலிலேயே கட்டி வளர்க்கப்படும் மாட்டின் குளம்பு தேயாது நீண்டு, முன்புறம் வளைந்து, பாரத்தைக் குதிமேற் சுமத்தும். ஈரச் சீமெந்துத் தரையில் நெடுநேரம் நிற்கும் பசுக்களின் அடித்தட்டு நசுங்கிப் புண்ணாகும். மலைநாட்டில் கட்டி வளர்க்கப்படும் பிரீசியன் போன்ற பேரினப் பசுக்களில் இதனை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். குளம்பைச் செதுக்கி, நல்ல பக்கக் குளம்பின் அடியில் மரக்கட்டையொன்றை ஒட்டினால் பாரம் அதன்மீது மாறி, புண்ணுள்ள குளம்பு ஓய்வுபெறும்.

குளம்பின் உள்ளழற்சி: இதன் காரணம் பெரும்பாலும் வயிற்றிலேயே உள்ளது. மாடு களத்திற் புகுந்து நெற்குவியலை உண்டாலும், அரிசி, சோறு, தவிடு முதலியவற்றை அளவிறந்து உண்டாலும், வயிற்றில் அமிலம் பெருகும். பட்டிப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் பெருமளவு பொங்கலை ஊட்டுதலும் இத்தீமையை விளைக்கக்கூடும். மாடு தீனியை மறுக்கும். சாணம் இளகிப் புளித்த நாற்றம் வீசும். பின்னர் நான்கு குளம்புகளிலும் நோவு தோன்றி, முதுகை வளைத்து நடக்கும். வயிற்றில் அமிலம் பெருகியதனால் ஒரு நாளிலேயே மாடு இறப்பதுமுண்டு. ஆதலின் தானியத்தை உடனே விலக்கி, வைக்கோலை மட்டும் இட்டு, வைத்தியரை அழைத்தல் வேண்டும். பிழைத்த மாடுகளிலும் குளம்பின் உள்ளே ஏற்பட்ட கேடு இரண்டு மூன்று திங்கள் கழித்தே அடித்தட்டிற் புண்ணாக வெளிப்படலாம். அப்போது பழைய காரணத்தை எவரும் நினைப்பதில்லை.

மூட்டிலும் நரம்பிலும் தோன்றும் காரணங்கள்

முழங்காற் சில்லுப் பிடிப்பு: மாடு நடக்கும்போது ஒரு பின்கால் பின்புறம் விறைத்து நீண்டு, மடங்காது இழுபட்டு, பின்னர் வெட்டியிழுத்தாற்போல் முன்னே வரும். வீக்கமும் காய்ச்சலும் இரா. முழங்காற் சில்லு தொடையெலும்பின் விளிம்பில் மாட்டிக்கொள்வதே இதன் காரணம். எண்ணெய் தேய்ப்பதாற் பயனில்லை. வைத்தியர் சிறிய அறுவையொன்றினால், இழுத்துப் பிடிக்கும் தசைநாரை அறுத்து இதனைத் தீர்க்கலாம்.

முன்கால் நரம்புத் தளர்ச்சி: ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருந்த மாட்டிலும், தோளில் அடிபட்ட மாட்டிலும் முழங்கை தாழ்ந்து தொங்கும். குளம்பின் முன்புறம் நிலத்தில் உராய்ந்து இழுபடும். மெல்லிய மணற்றரையில் ஓய்வு கொடுத்தால் பல மாடுகள் படிப்படியாகக் குணமடையும்.

ஈன்றபின் கால் அகலுதல்: பெரிய கன்றை வருந்தி ஈன்ற பசுவின் பின்கால்கள் இருபுறமும் வழுக்கி அகலுமாயின் இடுப்பு நரம்பு நசுங்கியிருத்தல் கூடும். வழுக்குந் தரையிலிருந்து அதனை உடனே அகற்றி, மணல் பரப்பிய இடத்தில் விடுதல் வேண்டும். இல்லையேல் விழுந்து தொடையெலும்பு முறியும்.

உடல் முழுவதையும் பற்றிய நோய்கள்

பின்வரும் நோய்களில் நொண்டல் ஓர் அறிகுறி மட்டுமே. இவற்றில் எதனை ஐயுற்றாலும் தாமதமின்றி அரச மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

கருங்கால் நோய்: சப்பை நோய் எனவும் வழங்கும். பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் இரண்டு வயதிற்கும் இடைப்பட்ட, நல்ல ஊட்டமுள்ள கன்றுகளையே பற்றும். திடீரென நொண்டல், கடுங்காய்ச்சல், தொடையிலோ தோளிலோ வீக்கம் ஆகியன தோன்றும். வீக்கம் முதலிற் சூடாகவும் நோவுடனும் இருந்து, பின்னர் குளிர்ந்து நோவற்றுப் போகும். அதனைக் கையால் அழுத்தினால் உள்ளே காற்றுக் குமிழிகள் நொறுங்குவதுபோன்ற ஓசை கேட்கும். பெரும்பாலும் 12 மணித்தியாலம் முதல் 48 மணித்தியாலத்துள் இறப்பு நேரும். இறந்த உடலை அறுத்தலும் தோலுரித்தலும் கூடாது. ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். இந்நோயின் வித்திகள் மண்ணிற் பல்லாண்டுகள் உயிருடன் இருக்கும். நோய் வந்தபின் காத்தல் அரிது. மழைக்காலத்திற்கு முன் தடுப்பூசி ஏற்றுதலே காவல்.

கால் வாய் நோய்: கோமாரி எனவும் அழைக்கப்படும். பட்டியிற் பல மாடுகள் சிறிது கால இடைவெளியில் நொண்டத் தொடங்கினால் இதனையே முதலில் ஐயுறுதல் வேண்டும். வாயில் நுரையுடன் எச்சில் ஒழுகும். நாவிலும் குளம்புப் பிளவிலும் மடியிலும் கொப்புளங்கள் தோன்றி உடையும். இதன் வைரசு மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றிடையே விரைந்து பரவும். நோயுற்ற பட்டியிலிருந்து மாடுகளை விற்றலும் வேற்றூருக்குக் கொண்டுசெல்லுதலும் அயலவருக்குச் செய்யுந் தீங்காகும். இந்நோயை அறிவிக்க வேண்டிய கடமை 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி உரிமையாளருக்கு உண்டு.

மூன்று நாட்காய்ச்சல்: கடிக்கும் பூச்சிகளாற் பரவும் வைரசு நோய். இன்று ஒரு காலிலும் நாளை மற்றொரு காலிலும் நொண்டல் மாறிமாறித் தோன்றும். உடல் விறைக்கும். பெரும்பாலான மாடுகள் மூன்று நான்கு நாட்களில் எழுந்துவிடும். ஆயினும் விழுங்குந் திறன் குன்றியிருப்பதால் வாய்வழியே மருந்தோ கஞ்சியோ ஊற்றுதலாகாது. அது நுரையீரலிற் புகுந்து உயிரைக் கவரும்.

பாற்காய்ச்சல்: பெயரிற் காய்ச்சல் இருப்பினும் உடல் குளிர்ந்தே இருக்கும். நிறையப் பால் கறக்கும் பசுக்களில், கன்றீன்ற மூன்று நாட்களுக்குள் பெரும்பாலும் தோன்றும். இரத்தத்திற் கல்சியம் குறைவதே காரணம். முதலிற் பசு பின்கால்களைத் தள்ளாடி வைக்கும். பின் படுத்து, தலையை விலாப்புறம் மடக்கிக்கொள்ளும். வைத்தியர் கல்சிய மருந்தை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் எழுந்து நிற்கும். ஏற்றாவிட்டால் இறக்கும். வைத்தியர் வரும்வரை பசு பக்கவாட்டிற் சாய்ந்து கிடவாதபடி வைக்கோற் கட்டுகளால் முட்டுக்கொடுத்து, நெஞ்சின்மேல் இருத்திவைத்தல் வேண்டும்.

ஆடுகளின் இடுப்புவாதம்: மாட்டின் வயிற்றறையில் வாழும் வெண்ணிற நூற்புழுவொன்று மாட்டிற்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. அதன் இளம்புழுக்களை நுளம்பு ஆட்டிற்குக் கடத்தும்போது, அவை வழிதவறி முள்ளந்தண்டின் நரம்பினுட் புகுகின்றன. நேற்றுவரை துள்ளிய ஆடு இன்று பின்கால்களை இழுத்து நடக்கும்; சிலவேளை எழவே இயலாது. உணவு உண்ணும், காய்ச்சல் இராது. இலங்கையில் ஆடு வளர்ப்போர்க்கு இது பெருந்தொல்லை. ஆட்டுக்கொட்டிலை மாட்டுக்கொட்டிலிலிருந்து விலக்கி அமைத்தலும், நுளம்பு பெருகும் நீர்த்தேக்கங்களை அகற்றலும் தடுப்பு முறைகளாகும்.

விசர் நோய்: மாடு பின்கால்கள் தளர்ந்து தள்ளாடி, எச்சில் ஒழுக்கி, குரல் மாறிக் கத்துமாயின் தொண்டையில் ஏதோ சிக்கியதென்றெண்ணி வாயினுட் கைவிடுவோர் உளர். இது உயிராபத்தான செயல். விசர் நாய் கடித்த மாட்டிலும் இவ்வறிகுறிகளே தோன்றும். அம்மாட்டின் எச்சில் கையிலுள்ள புண்ணிற் பட்டாலே நோய் தொற்றக்கூடும். எச்சில் பட்டவர் அவ்விடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீருங் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

செய்யத்தகாதவை

நொண்டும் மாட்டின் தோளிலும் தொடையிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சூடு வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நோவு குளம்பில் இருக்கத் தோளிற் சூடு வைத்தல் ஒரு நோயை இரண்டாக்குவதாகும். சூட்டுப் புண்ணில் புழு வைப்பதுமுண்டு. சில மாடுகள் சூடு வைத்தபின் குணமடைந்தன எனின், அவை ஓய்வினாலும் காலத்தினாலும் குணமடைந்தவையேயன்றிச் சூட்டினால் அல்ல. வீங்கிய இடத்தைக் கத்தியாற் கீறுதலும், முறிந்த காலை வலிந்து இழுத்துத் தேய்த்தலும், நொண்டும் மாட்டை வண்டியிற் பூட்டுதலும் அவ்வாறே விலக்கத்தக்கன.

தடுக்கும் வழிகள்

1. கொட்டிலின் தரை சரிந்து நீர் வடியத்தக்கதாக இருத்தல் வேண்டும். சாணத்தை நாள்தோறும் அகற்றுதல் வேண்டும். மாரிகாலத்தில் பட்டியை மேட்டுநிலத்திற்கு மாற்றுதல் நன்று.
2. பசு நாளில் ஏறக்குறைய 12 மணித்தியாலம் படுத்திருக்கும். படுக்குமிடம் உலர்ந்தும் மென்மையாகவும் இருந்தால் குளம்புகள் ஓய்வுபெறும்.
3. கட்டி வளர்க்கும் மாடுகளின் குளம்புகளை ஆண்டில் இருமுறையாவது பார்த்து, நீண்டிருந்தால் பழகியவரைக் கொண்டு செதுக்குவித்தல் வேண்டும்.
4. குளம்பழுகல் காணும் பட்டிகளில் மாடுகளைக் குளம்புத் தொட்டியில் நடத்தலாம். 100 இலீற்றர் நீரில் 5 கிலோகிராம் மயில்துத்தம் கரைத்து, குளம்பு மூழ்குமளவிற்கு நிரப்புதல் வேண்டும். மாடு அதனைக் குடியாதபடி காத்தல் வேண்டும். செம்மறியாட்டிற்கு இது கொடிய நஞ்சு. பயன்படுத்திய நீரைக் கிணற்றருகிலோ குளத்திலோ கொட்டுதலாகாது.
5. தவிடு, தானியம் ஆகியவற்றைத் திடீரெனக் கூட்டாது, சிறிது சிறிதாகக் கூட்டி, புல்லும் வைக்கோலும் எப்போதும் கிடைக்கச் செய்தல் வேண்டும்.
6. உரிய காலத்தில் தடுப்பூசிகளை ஏற்றுவித்தல் வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

ஒரு மாடு மட்டும் நொண்டி, காய்ச்சலின்றித் தீனி உண்ணுமாயின் குளம்பைக் கழுவிச் சோதித்து, காரணத்தை அகற்றி, இரண்டு நாட்கள் பார்க்கலாம். அதற்குட் குறையாவிடின் வைத்தியரை நாடுதல் வேண்டும். நொண்டலுடன் காய்ச்சல், திடீர் வீக்கம், தீனி மறுத்தல், வாயில் எச்சில், பின்கால் தள்ளாட்டம் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டாலும், பல மாடுகள் ஒருங்கே நொண்டினாலும், ஈன்ற பசு எழ மறுத்தாலும் விடியும்வரை காத்திருத்தலாகாது.

நாள்தோறும் காலையில் மாடுகள் கொட்டிலைவிட்டு வெளியேறும்போது வாயிலருகே நின்று ஒவ்வொன்றின் முதுகையும் நடையையும் பார்த்துவிடுவதற்குச் சில நிமிடங்களே போதும். அதற்கு மருந்துச் செலவுமில்லை, கருவியும் வேண்டியதில்லை. இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளும் கமக்காரன், நோய் முற்றுமுன் அதனை அறிவான். தன் மாட்டையும் அதனால் வரும் வருவாயையும் காத்துக்கொள்வான்.